தள்ள விடாத பிளசர்

எங்கள் பக்கத்தில் நின்றுபோன காரைத் தள்ள ஆள் தேட வேண்டியதில்லை. கம்பம் ரோட்டில் ஒரு பிளசர் கார் இருமிக்கொண்டு நின்றால் போதும், டீக்கடை பெஞ்சில் இருப்பவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவான். மாட்டுவண்டிக்காரன் கயிற்றை நுகத்தடியில் சுற்றிவிட்டு இறங்கி வருவான். யாருடைய கார், எங்கே போகிறது என்கிற கேள்வியெல்லாம் தள்ளி முடித்த பிறகுதான். ஆனால் அந்தக் கேள்விகள் கட்டாயம் வரும். அதிலும் ஸ்டியரிங்கில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

"இந்நேரத்துக்கு எங்க போறீக? தனியாவா போறீக? வீட்டுல ஆம்பளையாளுக யாருமில்லையா?"

அதனால்தான் அக்கா தன் காரை யாரையும் தள்ள விடமாட்டார்.

அக்கா என்று நான் சொல்வது ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரை. எனக்கு உறவு கிடையாது. எழுபதுகளில் நான் தேனி பஜாரில் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தேன். கார், லாரிகளுக்கு வயரிங் வேலையும் பார்ப்பேன். அவர் என் வாடிக்கைக்காரர். கடைக்குள் வந்து முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் முடுக்குகிற ஒவ்வொரு திருகும் எதற்கென்று கேட்கிற வாடிக்கைக்காரர். "இதெல்லாம் தெரிஞ்சு என்னக்கா பண்ணப் போறீக?" என்று அலுத்துக்கொண்டால், "நீ செத்துப்போனா யார்கிட்டக் கேக்க?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. அவருடைய கார் கடை வாசலில் வந்து நின்றாலே எனக்கு லேசாகத் தலை வலிக்க ஆரம்பிக்கும்.

ஒல்லியான, உயரமான ஆள். வெளுத்த நூல் சேலை. இடது கையில் செத்துப்போன கணவரின் பெரிய கடிகாரம், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கணவர் இருந்த காலத்திலேயே வண்டி ஓட்டியவர் அக்காதான். கணவருக்குக் காரில் ஏறினால் தூக்கம் வந்துவிடுமாம். "அந்த மனுசன் தூங்குறதுக்குத்தான் பிளசர் வாங்குனாக" என்பார் அக்கா. வெள்ளைக்காரன் ஊரில் செய்த கார் அது, வட்ட முகப்பு விளக்கும் தவளை முதுகும் கொண்டது. அக்காவின் கைக்கு வந்தபோது பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டார். அந்த இடத்தில் திராட்சைக் கூடைகள் ஏறின.

நாங்கள் பழகிய விதமே கோணலானது. அவருடைய கணவர் இறந்து காரியம் முடிந்த கையோடு, கணவரின் தம்பி என்னைத் தேனியிலிருந்து கூட்டிப்போனார். "அண்ணன் வண்டி தோட்டத்துல நிக்கிது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்கிது. எடுத்துக் குடுத்தா நம்ம செட்டுல கொண்டுபோய்ப் பத்திரமா விட்டுருவேன்." நான் பேனட்டைத் திறந்தேன். கரண்டைப் பிளக்குக்குப் பிரித்துக் கொடுக்கும் டப்பாவின் மூடியைக் கழற்றினால் உள்ளே ரோட்டர் இல்லை. பெருவிரல் அளவு சாமான். அது இல்லாமல் எந்தப் பெட்ரோல் வண்டியும் ஓடாது. தானாகக் கழன்று விழுகிற பொருளும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா பந்தல் கல்தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முந்தானை நுனியில் பெருவிரல் பருமனில் ஒரு முடிச்சு. என்னையே பார்த்தார்.

"என்னப்பா கோளாறு?" என்றார் கொழுந்தனார்.

"கோளாறு பெருசுதான்ணே. இப்போதைக்கு எடுக்க முடியாது" என்றேன். பொய்யும் இல்லை.

கொழுந்தனார் விடவில்லை, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. வெளியே போகிற வண்டிப்பாதை ஏற்றம். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி விட்டுவிட்டார்கள். கார் தானாகவே உருண்டு வந்து பந்தலுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே நின்றது. அடுத்த வாரம் அக்கா அதே காரை ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

கொழுந்தனாரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். லாரி வைத்திருந்தார், செல்வாக்கு இருந்தது, உதவி செய்வதில் அப்படி ஒரு ஆசை. வேண்டாம் என்றாலும் செய்வார். மதினியின் திராட்சையைத் தன் லாரியிலேயே ஏற்றிப் போவதாகச் சொன்னார். ஒரு வெள்ளாமை அப்படிப் போனது. லாரி அவருக்குத் தோதுப்பட்ட நேரத்துக்கு வரும், அதற்குள் வெயில் ஏறிவிடும். அக்காவின் கூடைகள் அடியில் போகும், மேலே மற்றவர்களுடையது. பன்னீர்த் திராட்சைத் தோல் காகிதத்தை விட மெல்லியது. தேனி போய்ச் சேரும்போது அடிக்கூடையில் பழம் இருக்காது, சாறு இருக்கும். அதைக் காட்டி, "எதுக்கு மதினி இந்தப் பாடு? தோட்டத்த என்கிட்ட விட்டுருங்க, ஒங்களுக்கு வேணுங்கிறது வீடு தேடி வரும்" என்று ஆரம்பித்தார்.

அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "இன்னைக்குக் கை குடுக்குறவன் நாளைக்கு யோசனை குடுப்பான் தம்பி. அடுத்த நாளு உத்தரவு குடுப்பான்."

இந்தக் கணக்கு எல்லாரிடமும் பொருந்துமா என்று அவர் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு அவர்மேல் கோபம். அப்போது காரில் இருந்த பெட்ரோல் என்ஜினை அவர் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்புவார், ஆம்பளைகள் தோற்றுப்போவார்கள். ஒருநாள் கைப்பிடி எதிர்த்து அடித்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தேனியில் கட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் கொஞ்சநேரம் இருந்தார். தலை கலைந்து கிடந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரி சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா சீப்பை வாங்கி ஒற்றைக் கையால் தானே சீவிக்கொண்டார். கோணல் வகிடும் அரைக் கொண்டையுமாகப் பஸ் ஏறிப் போனார். வீட்டுக்காரி ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். "நான் என்ன அந்தக் கொழுந்தனா? சீப்புலகூடவா உத்தரவு ஒளிஞ்சிருக்கு?" அவள் கேட்டது நியாயம். அந்த மாதிரிப் பிடிவாதம் பக்கத்தில் இருப்பவர்களையும் கொஞ்சம் சுடத்தான் செய்யும்.

பிறகு பெட்ரோல் என்ஜின் ஒருநாள் சீப்பாலக்கோட்டை ரோட்டில் கொதித்து வெடிப்பு விட்டுவிட்டது. ஒட்டுப்போட்டும் நிற்கவில்லை. வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஊர் முழுக்க யோசனை கொடுத்தது. அக்கா மதுரைக்குப் போய், உடைத்துப் போட்ட வேன் ஒன்றின் டீசல் என்ஜினை வாங்கி வந்தார். மோட்டார் பம்புக்கு டீசல் எப்படியும் தோட்டத்தில் இருக்கும் என்பது அவருடைய நியாயம்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவைத்து, தோட்டத்தைத் தன்னிடம் விடச் சொல்லிப் பேசினார். அக்கா தட்டிப் பேசவில்லை. ஆயுத பூஜை கழித்து வரும் வெள்ளாமையைத் தன் வண்டியில் தானே வெளியே கொண்டுபோக முடிந்தால் தோட்டம் தன்னிடம் இருக்கட்டும், முடியாவிட்டால் கொழுந்தனே பார்க்கட்டும் என்று தானாகவே வாய் விட்டுவிட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்த யாருக்கும் டீசல் என்ஜினைப் பற்றி ஒரு விஷயம் தெரியாது. கையால் சுற்றிக் கிளப்புவதெல்லாம் அதனிடம் நடக்காது, அவ்வளவு அழுத்தம். ஒன்று பேட்டரியில் ஓடும் செல்ப் மோட்டார் சுற்றிவிட வேண்டும், இல்லை நாலு பேர் தள்ள வேண்டும். பள்ளத்தில் நிற்கிற வண்டியைச் சரிவில் உருட்டியும் எடுக்க முடியாது. ஆக மொத்தத்தில் அக்காவின் தோட்டம் என் வயரிங்கில் வந்து தொங்கியது. இது எனக்குத் தேவையா என்று வாய்விட்டே கேட்டேன்.

"பயந்தா சொல்லிரு தம்பி. வேற ஆளப் பாக்குறேன்" என்றார். இதற்கப்புறம் எவன் மாட்டேன் என்பான்?

சின்னமனூர்ப் பட்டறையில் என்ஜினை இறக்கி ரப்பர்க் கட்டைகள் மேல் உட்கார வைத்திருந்தார்கள். நான் வயரைத் தூக்கிக்கொண்டு போனேன். சொலனாய்டு என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டப்பி. அதில் இரண்டு பெரிய போல்ட்டு, ஒரு சின்னத் திருகு. பேட்டரியிலிருந்து வருகிற தடி வயர் ஒரு பெரிய போல்ட்டில். அடுத்த பெரிய போல்ட்டிலிருந்து செல்ப் மோட்டாருக்கு. சாவியிலிருந்து வருகிற மெல்லிய வயர் சின்னத் திருகில். அக்கா மட்கார்டில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"சாவியில இருந்தே நேரா மோட்டாருக்குக் குடுத்தா என்ன?"

"சாவி பொசுங்கிரும்க்கா. அவ்வளவு கரண்டு அது தாங்காது. சாவி சும்மா ஒரு சொல்லு சொல்லும். இந்த டப்பி அதக் கேட்டு உள்ள ரெண்டையும் இணைச்சு விடும்."

"அப்ப இது மடைக்காரன். வரப்புல நின்னு, 'திறந்து விடுறா'ன்னு கத்துனா வாய்க்காத் தண்ணியத் திறந்து விடுறவன்."

"அவனேதான்."

"சரி. வந்த தண்ணி திரும்பி எங்கிட்டுப் போவும்?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. மோட்டாருக்குள் போன கரண்டு என்ஜின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழிவிடாது. அதற்காகப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றை என்ஜினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே போட்டு முடுக்கினேன். இதற்குப் பேர் எர்த்து என்றேன். அக்கா தலையாட்டினார். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

"எதுக்குக்கா?"

"நான் மாட்டிப் பாக்கணும்."

மாட்டினார். மாட்டிய ஒவ்வொரு வயருக்கும் பழஞ்சேலையைக் கிழித்து ஒவ்வொரு நிறத்தில் துணி முடிந்தார். என் அழகான வயரிங், பிள்ளை வரம் கேட்டுத் துணி முடிந்த வேப்பமரம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டு பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தபோது, அக்கா ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவரை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கடைப் பூஜையைக் காலையிலேயே முடித்துவிட்டு ஓடைப்பட்டிக்குப் போனேன். தோட்டத்தில் மோட்டார் பம்பு, மண்வெட்டி, மருந்தடிக்கிற டின் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. கொழுந்தனார் லாரியை மாலையோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பெரியவர்களும் வந்திருந்தார்கள். கார் பளபளவென்று இருந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காயும் உடைத்தாயிற்று. அக்கா உட்கார்ந்து, என்ஜினைச் சூடேற்றும் ஹீட்டரைக் காயவிட்டு, சாவியைத் திருப்பினார்.

டக்.

மறுபடியும் திருப்பினார். டக், டக். விளக்கெல்லாம் அழுது வடிந்தது. பேனட்டுக்குள்ளிருந்து லேசாகப் புகை வந்தது.

கொழுந்தனார்தான் முதலில் பேசினார். குரலில் கேலிகூட இல்லை, நிஜமான இரக்கம் இருந்தது. "நல்ல நாளும் அதுவுமா நிக்கக் கூடாது. ஏலே, வாங்கடா, தள்ளுங்க!"

அவருடைய லாரி ஆட்கள் வந்து பின்னால் கை வைத்தார்கள். தம் கட்டித் தள்ளினார்கள். கார் இம்மிகூட அசையவில்லை. கொழுந்தனார் ஜன்னலில் குனிந்தார்.

"மதினி, பிரேக்க விடுங்க."

"விட மாட்டேன்."

"விட்டாத்தான மதினி தள்ள முடியும்?"

"அதுக்குத்தான் தம்பி விடல. கைய எடுக்கச் சொல்லுங்க."

ஆட்கள் கையை எடுத்தார்கள். அக்கா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்துச் சொலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் சேர்த்துத் தொட்டேன். பொறி பறந்தது, மோட்டார் முனகியதோடு சரி. மடைக்காரன் மேல் தப்பில்லை.

"பொகை எங்கன இருந்து வந்துச்சு?" அக்கா உள்ளிருந்தே கேட்டார்.

தொட்டுப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் கையைச் சுட்டுவிட்டது. ஆக்சிலேட்டரில் கரண்டுக்கு என்ன வேலை? அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போக வேண்டிய வழி அடைத்துக் கிடக்கிறது. கரண்டு கிடைத்த சந்து வழியாகப் போகப் பார்த்திருக்கிறது. கீழே படுத்துப் பார்த்தேன். எர்த்துப் பட்டை இருந்த இடத்தில்தான் இருந்தது. என்ஜின் முழுக்க வெள்ளிப் பெயிண்ட், அடிச்சட்டம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட். பட்டைக்கு அடியிலும் பெயிண்ட். யாரோ பொறுப்பாகப் பட்டையைக் கழற்றி, இரும்புக்கு இரண்டு கோட்டிங் அடித்து, காயவிட்டு, திரும்ப முடுக்கியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் வேலை பார்க்கிற வயசாளி ஒருவர் முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் பம்புக்கும் கலப்பைக்கும் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. இந்த வருஷம் காருக்கும் அடித்திருக்கிறார். "அது மட்டும் அசிங்கமா இருக்க வேணாமுன்னு அடிச்சேன் தாயி. கழட்டுனத அப்பிடியே மாட்டிட்டேனே" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

அக்கா கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். "அழகாத்தான் இருக்கு மாமா. ரெண்டு காசு அகலத்துக்கு மட்டும் அழிச்சுக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உப்புத்தாள எடு" என்றார். நான் எடுத்துக்கொண்டு குனிந்தேன். அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பூஜைக்குக் கட்டிய புதுச் சேலையோடு, அத்தனை பேருக்கும் முன்னால், மண்ணில் மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்து போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெரியவர்களில் ஒருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் எனக்கு விட்டது, ஆக்சிலேட்டருக்கு வேறு கேபிள் மாட்டுகிற வேலை மட்டும்தான்.

அன்றைக்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஆனால் பூஜை அன்று ஓடியது கணக்கில் வராது. வெள்ளாமை அன்று ஓட வேண்டும்.

அறுப்பு என்று கேள்விப்பட்ட நாளில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடியும் முன்னே முதல் பஸ்ஸைப் பிடித்து, வாய்க்கால் கரையில் இறங்கி, டூல்ஸ் பெட்டியோடு தோட்டத்துக்கு நடந்தேன். கூடைகளுக்கு மேல் வேப்பிலை பரப்பி, கார் கூரை முட்ட அடைத்திருந்தார்கள். அக்கா கதவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நீ எதுக்கு வந்த?"

"இல்லக்கா, ஒருவேளை ஸ்டார்ட் ஆகலேன்னா..."

"ஆகலேன்னா நான் பாத்துக்கிருவேன். நீ இங்கன நிக்காத. மேல ரோட்டுக்குப் போ."

இதைக் கேட்கவா இருட்டோடு எழுந்து வந்தேன்? ஆத்திரமாக வந்தது. விறுவிறுவென்று ஏற்றத்தில் நடந்தேன். பாதி ஏறுவதற்குள் என் கோபம் என் மேலேயே திரும்பிவிட்டது. நானும் வண்டி நின்றால் தள்ளலாம் என்றுதானே வந்திருக்கிறேன்? டீக்கடை பெஞ்சுக்காரனுக்கும் எனக்கும் டூல்ஸ் பெட்டி ஒன்றுதான் வித்தியாசம்.

கீழே என்ஜின் பிடிக்கிற சத்தம் கேட்டது. ஒரே திருப்பு.

மேலே வண்டிப்பாதையில் கொழுந்தனாரின் லாரி தோதாக வந்து ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. பின்தட்டில் அதே ஆட்கள். நான் அதைத் தாண்டிப் போய்ப் பாதையோரம் நின்றேன். கார் ஏற்றம் ஏறி லாரியைத் தாண்டி வந்தது. லாரியும் பின்னாலேயே கிளம்பியது. கார் என் பக்கத்தில் வந்து, பாதையின் நட்டநடுவில் நின்றது. அக்கா கையை நீட்டி டேஷ்போர்டிலிருந்த குமிழை இழுத்தார். டீசல் என்ஜினை அணைக்கிற குமிழ் அது. என்ஜின் குலுங்கி அடங்கியது. கூரை வரைக்கும் சுமை, சமதரை, பெரியவர்களிடம் கொடுத்த வாக்கு. ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் போய் அணைப்பார்களா?

பின்னால் லாரி பிரேக் அடித்தது. கொழுந்தனார் தலையை வெளியே நீட்டினார். "என்ன மதினி, நின்னுருச்சா?"

"நிக்கல தம்பி. நிப்பாட்டியிருக்கேன்."

அது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, ஆட்கள் அதற்குள் லாரியிலிருந்து குதித்து ஓடி வந்துவிட்டார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவசரமே இல்லாமல் மேல்கூடையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, ஜன்னல் வழியாக என் கையில் வைத்தார்.

"வீட்டுல குடு. சீப்ப வாங்குனதுக்குக் கோவிச்சுக்கிட்டு இருக்கா. அடுத்த தடவ அவளையே சீவி விடச் சொல்றேன்னு சொல்லு."

சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார். கார் உறுமிக்கொண்டு சின்னமனூர் ரோட்டைப் பார்த்துப் போனது. தள்ளுவதற்குக் குனிந்து கையை நீட்டியிருந்தவர்கள், தள்ள ஒன்றும் இல்லாமல், பாதையின் நடுவில் அப்படியே நின்றார்கள்.